மாட்டுங்காவின் அம்பாசடர் மாமா

வெளியுறவுப் பணியில் அறுபது வயதில் ஓய்வு, அறுபத்தொன்றில் ஆலோசகர். நடுவில் அந்த ஒரு வருஷம் எதற்கு என்றால், அதற்குள் தனியார் வேலைக்குப் போக அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். சொந்தமாக ஆலோசனைக் கடை விரிப்பதும் அதில் அடக்கம். தொழில்முறைத் தகுதி இல்லாதவர், பதவியில் அறிந்ததை வைத்து ஆலோசகராவது பற்றி ஓய்வூதிய விதியே தனியாகப் பேசுகிறது. மாமாவை நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பார்களோ!

ஐந்து கண்டங்கள் சுற்றிவிட்டு, அப்பா விட்டுப்போன மாட்டுங்கா ஃபிளாட்டுக்கே திரும்பி வந்தவர் அவர். விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னால் ‘தூதர்’. ‘முன்னாள்’ என்ற சொல்லைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி தேவை.

சொஸைட்டி மீட்டிங்கில் பார்க்கிங் தகராறு வந்தது. “மாமா, நீங்களே சொல்லுங்கோ” என்றார்கள். இரு தரப்பையும் தனித்தனியே அழைத்து ஃபில்டர் காபி கொடுத்துப் பேசி, மாலையில் ஒரு கூட்டறிக்கை ஒட்டினார்: ‘இணக்கமான சூழலில் மனம்திறந்த கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது.’ கார் இன்றும் அங்கேயேதான் நிற்கிறது.

தொழிலும் ஏறக்குறைய இதுதான். பாந்த்ரா–குர்லா காம்ப்ளக்ஸிலிருந்து ஒரு கெமிக்கல் கம்பெனிக்காரர் ஆப்பிரிக்க நாடு ஒன்றைப் பற்றிக் கேட்பார். “நிலைமை சிக்கல்தான், ஆனால் வாய்ப்பு இருக்கு.” எந்த நாட்டுக்கும் பொருந்தும் பதில். விலை அதற்கில்லை, அவர் போனில் இருக்கும் எண்களுக்கு. அன்று அவருக்கு ஃபைல் தூக்கிய இளைஞர்கள் இன்று இணைச் செயலாளர்கள். அவர்களும் ஓய்வு பெற்றுவிட்டால் கடையில் சரக்கு தீர்ந்தது.

இந்த வர்த்தகத்துக்குப் பெரிய முன்னோடிகள் உண்டு. ஹென்றி கிஸிஞ்சர் 1982-இல் சொந்த ஆலோசனை நிறுவனமே தொடங்கினார். டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த ஃபிராங்க் விஸ்னர் 1997-இல் பதவி விட்ட கையோடு என்ரான் ஆயில் அண்ட் கேஸ் இயக்குநர் குழுவில் உட்கார்ந்தார். அப்போது நம் மகாராஷ்டிராவின் தாபோலில் மின்நிலையம் கட்டிக்கொண்டிருந்தது தாய்க் கம்பெனி என்ரான். வாஷிங்டனில் நம் தூதராக இருந்த ரோனன் சென், 2010-இல் டாடா மோட்டார்ஸ் இயக்குநரானார்.

மாமா அடிக்கடி எடுத்துக்காட்டுவது ஜெய்சங்கரைத்தான். 2018 ஜனவரியில் வெளியுறவுச் செயலர் பதவியிலிருந்து ஓய்வு. காத்திருப்பு விதியிலிருந்து அரசே விலக்கு அளிக்க, ஏப்ரலில் டாடா சன்ஸ். 2019 மே 30-இல் வெளியுறவு அமைச்சர். “டாடாவிலேர்ந்து மந்திரி பதவிக்குப் பதிமூணே மாசம்!” என்று விரல் மடக்குவார் மாமா. மந்திரிசபை மாற்றம் என்று டிவியில் வந்தால் அன்று போனை சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருப்பார்.

மாட்டுங்கா பக்கம் வந்தால் அவரைப் பார்க்காமல் போகாதீர்கள். காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் காபி இலவசம். எட்டுக்கு மேல் கன்ஸல்டேஷன்.