செல்லாக் காசு

கேம் சென்டர் டோக்கன்களை டப்பா டப்பாவாகச் சேர்க்கிறான் என் மகன். ஒரு டீகூட வாங்க முடியாத காசு எதற்கு?
*– வாசகர், மதுரை*

உங்கள் பீரோவில் புடவை மடிப்பில் தூங்கும் பழைய ஆயிரம் ரூபாய்க்கு மட்டும் டீ தருகிறார்களா?

டோக்கனுக்கும் ஒரு கதை உண்டு. வீடியோ கேம் நிறுவனமான அட்டாரியின் நிறுவனர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல், 1977-ல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் பீட்சாவும் வீடியோ கேமும் சேர்ந்த கடை ஒன்றைத் திறந்தார். அதுதான் சக் ஈ. சீஸ். அமெரிக்க நாணயத்தில் 'கடவுளை நம்புகிறோம்' என்றிருக்கும். இவர்கள் டோக்கனில் 'பீட்சாவை நம்புகிறோம்' என்று பொறித்தார்கள். (பசி நேரத்தில் அதுவும் சரிதான்!) பிறகு விளையாட கார்டு வந்தது, டோக்கன் சேகரிப்பாளர் கைக்குப் போனது.

மகனைத் திட்டாதீர்கள். முக்கியமாக, டோக்கன்களைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த காசுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்புக் குறைவு.