எல்.கே.ஜி. சேர்க்கை: நன்னூல் வழி ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

சென்னையில் மூன்றரை வயதுக் குழந்தைக்குப் பெயர்பெற்ற தனியார் பள்ளி ஒன்றைப் பெற்றோர் எவ்வாறு தேர்ந்தெடுக்கின்றனர் என்பதே இவ்வாய்வின் பொருள். வரன் பார்ப்பது பற்றியும் மனை வாங்குவது பற்றியும் வழிவழி வந்த அறிவு நம்மிடம் நிறைய உண்டு. அவ்விரண்டையும் விடக் கூடுதல் உறவினர் தலையிடும் இத்துறை மட்டும் ஆராய்வாரின்றிக் கிடக்கிறது. தேர்ந்தெடுப்பதில் குழந்தைக்குப் பங்கில்லை என்பது நம் கருதுகோள்.

முன்னோர் மொழிந்தவை

பள்ளி யாரைத் தேர்ந்தெடுக்கும் என்பதற்கு நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே விடை கண்டிருக்கிறார். யாருக்குப் பாடம் சொல்லலாம் என்று நன்னூல் அறுவரை வரிசைப்படுத்துகிறது: தன் மகன், தன் ஆசிரியரின் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகத் தருபவன், வழிபடுபவன், சொன்னதைப் பற்றிக்கொள்ளும் அறிவுடையவன்.

இப்பட்டியல் இன்றைய சேர்க்கைக்கும் பொருந்தும். முதலாமவன், அதே பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சரின் பிள்ளை. இரண்டாமவன், தாளாளர் குடும்பத்துக்கு வேண்டியவர் வீட்டுப் பிள்ளை. மூன்றாமவன், கோட்டையிலிருந்து சிபாரிசுக் கடிதத்தோடு வருபவன். நான்காமவனுக்கு உரை தேவையில்லை. ஐந்தாமவனின் தந்தை, விண்ணப்பப் படிவத்துக்காக முந்தைய இரவே பாயும் கொசுவத்தியுமாகப் பள்ளி வாசலில் படுத்தவர். ஆன்லைன் வந்தபின் இவ்வழிபாடு நள்ளிரவில் கணினி முன் நடக்கிறது. அறிவுடையவன் ஆறாவதாக நிற்கிறான். இவ்வரிசை தற்செயலானது என்பாரும் உளர்; அவர்கள் பிள்ளைக்கு இடம் தேடி அலையாதவர்கள்.

பாடத்திட்டப் பாகுபாடு

ஸ்டேட் போர்டு, மெட்ரிக், சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ, கேம்பிரிட்ஜ், ஐபி எனப் பாடத்திட்டம் அறுவகைப்படும். 2010-இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதன்பின் முதல் இரண்டுக்கும் பத்தாம் வகுப்புவரை பாடத்திட்டம் ஒன்றே. ஆயினும் பெயர்ப்பலகையில் மெட்ரிக் நிலைத்திருக்கிறது.

ஐபி 1968-இல் ஜெனீவாவில் தோன்றியது. தூதரக அதிகாரிகள் போல நாடு விட்டு நாடு மாறுவோரின் பிள்ளைகளுக்குப் படிப்பு கெடாதிருக்க ஏற்பட்ட ஏற்பாடு அது. அண்ணா நகரிலிருந்து அடையாறுக்குக்கூட வீடு மாறச் சம்மதிக்காதவர்களும் இன்று அதையே விரும்புகின்றனர்.

பையன் நீட் எழுதுவானா, ஜேஇஇ எழுதுவானா, அமெரிக்கா போவானா என்பதை முடிவு செய்யாமல் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. பாத்ரூமுக்குத் தனியே போவானா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கள ஆய்வு

தந்தையர் எக்செல் அட்டவணை போடுகின்றனர். கட்டணம், நீச்சல் குளம், ரோபாட்டிக்ஸ், குதிரையேற்றம், ஏசி வகுப்பறை எனக் கட்டங்கள் வலப்பக்கம் நீளும். தாய்மார் வாட்ஸ்அப் குழுவில் தரவு திரட்டுகின்றனர். ஒரே பள்ளியைப் பற்றி அங்கே "சூப்பர்" என்றும் "சேர்த்துடாதீங்க" என்றும் அடுத்தடுத்துப் பதில் வரும். உறவினரின் பங்களிப்பு கேள்வி வடிவில் அமையும். "ஸ்டேட் போர்டா? ஏன், புள்ள நல்லாத்தானே இருக்கான்?" என்று சித்தப்பா ஒருவர் கேட்டால் போதும், அட்டவணையில் ஒரு வரிசை முழுவதும் அழிந்துவிடும்.

எஞ்சிய வரிசைகளை அழிப்பவர் பாட்டி. "வேன் நம்ம தெருவுக்குள்ள வருமா?" என்பது அவர் கேள்வி. காலை ஆறேமுக்காலுக்குத் தூங்கும் பேரனைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடக்க வேண்டியவர் அவர்தான். இதற்கு விடை கிடைத்ததும் மேற்படி அறுவகைப் பாடத்திட்டமும் ஒருவகையாகச் சுருங்கிவிடுவதைக் காண்கிறோம். பிற்பாடு கேட்போரிடம் "அங்கதான் வேல்யூஸ் சொல்லித் தர்றாங்க" என்று பெற்றோர் விளக்கம் தருவர்.

சட்ட நிலை

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவில், நன்னூலோடு முரண்படுகிறது. நன்கொடை வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரை அபராதம். குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டினால் முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை, அதன்பின் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை. ஆகவே பெரிய பள்ளிகளில் நேர்முகத் தேர்வு நடப்பதில்லை. பிரின்சிபால் சும்மா பேசுகிறார். குழந்தை சும்மா நிறங்களின் பெயரைச் சொல்கிறது. அப்பா சும்மா தன் பதவியையும் வருமானத்தையும் படிவத்தில் நிரப்புகிறார்.

சட்டம் ஒப்பும் முறை குலுக்கல் ஒன்றே. நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காட்டு இடங்களுக்கு விண்ணப்பம் மிகுந்தால் தமிழ்நாட்டில் குலுக்கித்தான் எடுக்கின்றனர். மற்றவர்கள் இதை அதிர்ஷ்டம் என்பர். வேன் தடத்தை வைத்துத் தாம் எடுத்ததைத் தீர ஆராய்ந்த முடிவு என்பர்.

முடிவும் பரிந்துரையும்

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. பள்ளி பெற்றோரைப் பார்க்கிறது, பெற்றோர் சித்தப்பாவைப் பார்க்கின்றனர், சித்தப்பா ஊரைப் பார்க்கிறார். குழந்தையின் பக்கம் திரும்பியவர் பாட்டி மட்டுமே. அதுவும் அதன் தூக்கத்தை முன்னிட்டு.

எனவே பெற்றோரும் குலுக்கலையே மேற்கொள்ளலாம் என இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. வேன் வரும் பள்ளிகளின் பெயரைச் சீட்டெழுதிக் குலுக்கி, ஒன்றை எடுக்கக் குழந்தையை அழைக்கலாம். சேர்க்கை முழுவதிலும் அதற்கு வாய்க்கும் ஒரே பொறுப்பு அதுவாக இருக்கும். வந்த சீட்டு பிடிக்கவில்லை என்று மறுபடி குலுக்குவது ஆய்வு நெறிக்குப் புறம்பானது. சித்தப்பா ஊருக்குப் போயிருக்கும் நாளாகப் பார்த்துக் குலுக்குவது நலம்.