தெர்மாகோல் இருக்கா?

நீங்கள் புதிதாக எதை வாங்கினாலும் என் மாமனார் விலை கேட்க மாட்டார். "பெட்டி எங்க?" என்பார். உள்ளே தெர்மாகோல் உடையாமல் இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பார். "வீடு மாத்தும்போது வேணும் பாருங்க." சொந்த வீடு. கட்டி 24 வருஷமாகிறது.

ஏழடி உயரத்தில், லிண்டலோடு சேர்த்து வார்த்த ரெண்டடிப் பரண். அதில் மிக்சிப் பெட்டிக்குள் இஸ்திரிப்பெட்டியின் பெட்டி, அதற்குள் கடிகாரப் பெட்டி, அதற்குள் எழுத்தெல்லாம் மறைந்து வெறும் வெள்ளைத்தாளாகிப்போன பில். அந்த மிக்சிக்குப் பிறகு ரெண்டு மிக்சி வந்து போய்விட்டது. கொலுப்படியும் அண்டாவும் ஓர் ஓரமாக ஒண்டுக்குடித்தனம்.

போகியன்று ஊரே பழசைக் கழிக்கும். இவர் பழசை இறக்கி, துடைத்து, மறுபடி ஏற்றுவார். "மாப்பிள்ளை, ஸ்டூலைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க." பிடித்தபடி அண்ணாந்தால் கண்ணில் விழுவது கரப்பான் முட்டை.

போன மாதம் பரணுக்குக் கதவு போடும் யோகம் வந்தது. 19 எம்.எம். பிளைவுட், 710 கிரேடு, மேலே மைக்கா என்று பேசி முடித்துவிட்டு ஆசாரி டேப்பை நீட்டினார். டேப் ஒரு பெட்டியில் முட்டி நின்றது. குண்டு டி.வி. காலத்து 29 இஞ்ச் பெட்டி. பரணை விட்டு நாலு விரற்கடை வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"டி.வி. எங்க சார்?"

"அதை எப்பவோ எக்ஸ்சேஞ்சுல குடுத்தாச்சு."

"அப்ப பெட்டிய மடிச்சிரலாமே?"

மாமாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாமியாரை மடித்து வைக்கலாமா என்று கேட்டிருந்தால்கூட ஒரு நிமிஷம் யோசித்திருப்பார். "மடிச்சா அப்புறம் நிக்காதுப்பா" என்றார், மெதுவாக. ஆசாரி என்னைப் பார்த்தார். நான் ஸ்டூலைப் பார்த்தேன்.

கடைசியில் பரணின் நாலு கண்ணில் மூன்றுக்குக் கதவு, பெட்டி துருத்திய நாலாவதற்கு மாமியாரின் பழைய சுங்குடிப் புடவையில் திரை.

சிரிப்பெல்லாம் இருக்கட்டும். இதே பரணில் இடம் போதவில்லை என்று என் மனைவியின் பள்ளிக்கூட நோட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார். அவள் ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. என் சூட்கேஸ் ஒன்றே ஒன்று, அதற்கும் மேலே இடமில்லையாம்; கட்டிலுக்கடியில் கிடக்கிறது. மேலே இருப்பதோ அத்தனையும் காலிப்பெட்டி. 710 கிரேடு பிளைவுட் போட்டுக் காற்றை அடைத்து வைத்திருக்கிறோம். சாவி அவரிடம். ஸ்டூல் என் பொறுப்பு.