யானை விழுந்த வருசத்துல இருந்து எண்ணு, பேராண்டி

ஏலே பேராண்டி, ஜெர்மனியில வுப்பர்டால்ல இருந்து நீ அனுப்பின மனுவை நம்ம ஊர் வாத்தியாரு எனக்கு வாசிச்சுக் காட்டினாரு. சுமத்ரா தீவு எரிமலைகளுக்கு வயசு கண்டுபிடிக்கப் போறேன்னு எழுதியிருக்கே. விமானச் சீட்டு, தங்குற ரூம்பு, கொசுவலைன்னு எல்லாத்துக்கும் துகை போட்டிருக்கே. கொசுவலைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாத் தெரியுது. இருக்கட்டும், வாத்தியாரு கவனிக்கலை.

அது சரி, உன் தலைக்கு மேல போற தொங்கு ரயில்ல ஏறி ஒருநாளாவது உன் ஊர் பார்மன் பக்கம் இறங்கிப் பாத்தியா? 1828-ல அங்க ஆரம்பிச்சதுதான் ரைன் மிஷன். அவங்க பள்ளியில படிச்ச நொம்மென்சன்ங்கிற பாதிரியாரு 1862-ல சுமத்ராவுல போய் இறங்கினாரு. பத்தாக் சனங்களோடயே அரை நூத்தாண்டுக்கு மேல கிடந்து, அவங்க பாசையைப் படிச்சு, புதிய ஏற்பாட்டை அதுல எழுதிக் குடுத்து, 1918-ல தோபா ஏரிப் பக்கம் சிகும்பார்ங்கிற ஊர்லயே கண்ணை மூடினாரு. ஆக, நீ இப்ப போகத் துட்டுக் கேக்குற இடத்துக்கு உன் ஊர்ல படிச்ச ஒருத்தரு நூத்தி அறுபது வருசத்துக்கு முன்னயே போயாச்சு. கொசுவலைக்கு எவ்வளவு எழுதினாருன்னு தெரியலை.

அவர் குடியிருந்தது எது மேலன்னு நினைக்கே? தோபா ஏரி 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம். அம்புட்டும் எரிமலை வாய். அதை அப்படி எடுத்துச் சொன்னது பின்னால 20-ம் நூத்தாண்டுல வந்த வான் பெம்மெலன்ங்கிற டச்சுக்காரரு. நம்ம இந்தியத் தட்டு சுமத்ராவுக்கு அடியில சொருகிக்கிட்டே போகுது. உள்ள போனது நீரைக் கக்க, மேல இருக்கிற பாறை உருகி ஏறுது. அதே வரிசையில வடக்க போனா அந்தமான்ல நம்ம பாரன் தீவு, 1787-ல கப்பல்காரன் பாத்து எழுதி வச்சது, 1991-ல மறுபடி முழிச்சுக்கிட்டது. தோபா பெருசா வெடிச்சது நாலு தடவை. கடைசி வெடிப்புல வெளிய கொட்டினது மட்டும் சுமார் 2,800 கன கிலோமீட்டர். இம்புட்டுப் பெரிய வாய்க்குள்ள மீன் பிடிச்சு நெல் விதைச்சுக்கிட்டிருந்த சனங்களுக்கு அது வெறும் ஏரி. பக்கத்துலயே இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும்னு நினைக்காதே.

வயசு எப்படிச் சொல்றாங்கன்னு நீ எழுதின பத்தி வாத்தியாருக்கே புரியலை. நான்தான் அவருக்கு விளக்கினேன். பழைய கஞ்சியை நாக்குல வச்சா, தண்ணி ஊத்தினது நேத்தா முந்தாநாளான்னு உங்க அப்பத்தா சொல்லிருவா, புளிப்புதான் கணக்கு. கல்லுக்குள்ள அந்தப் புளிப்பு ஆர்கான் வாயு. பாறை உருகிக் கிடக்கையில பழைய ஆர்கான் பறந்து போயிருது. வெளிய வந்து இறுகின நிமிசத்துல இருந்து, சானிடின்ங்கிற பளிங்குக்குள்ள இருக்கிற பொட்டாசியம் ரொம்ப மெதுவா ஆர்கானா மாறிச் சேந்துக்கிட்டே வரும். பொட்டாசியத்துல அப்படி மாறுற வகை பாதியாகுறதுக்கே 125 கோடி வருசம். சேந்ததை அளந்தா வயசு. கரித்துண்டை வச்சு வயசு சொல்றது 50,000 வருசத்துக்கு மேல எட்டாது. தோபா அதுக்கும் அந்தப் பக்கம்.

தோபாவோட கடைசி வெடிப்பை 2012-ல ஒரு கூட்டம் அளந்து, 73,880 வருசம், கூட்டல் கழித்தல் 320ன்னு சொன்னாங்க. ரெண்டு வருசம் கழிச்சு இன்னொரு கூட்டம் 75,000, கூட்டல் கழித்தல் 900ன்னாங்க. ஆயிரம் வருசத்துக்கு மேல வித்தியாசம்னு நீ பதறுதே. நல்லாப் பாரு: முதல் கணக்கோட மேல்தலை 74,200. ரெண்டாவதோட கீழ்த்தலை 74,100. நடுவுல ஒரு நூறு வருசத்துல ரெண்டு பேரும் ஒரே திண்ணையில உக்காந்திருக்காங்க. இதுக்கு ஏன் ஒருத்தனைப் பொய்யன்னு எழுதுதே?

இன்னொண்ணும் கவனி. 2012-க்காரங்க சாம்பலை எடுத்தது ஏரிக்கரையில இல்லை. மலேசியாவுல, லெங்கோங் பள்ளத்தாக்குல. சாம்பல் நம்ம பக்கமும் வந்துச்சு. தோபாவுல இருந்து சுமார் 2,600 கிலோமீட்டர் தள்ளி, ஆந்திராவுல கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரம்னு ஒரு ஊர். அங்க காத்தும் தண்ணியும் குமிச்சு வச்ச அந்தச் சாம்பலைப் பாத்திரம் விளக்குற தூளுக்கு வெட்டிக்கிட்டிருந்தாங்க. படிச்சவங்க வந்து தோண்டினா, சாம்பலுக்குக் கீழயும் மனுசன் செஞ்ச கல் ஆயுதம், மேலயும் கல் ஆயுதம். 2007-ல அது பெரிய சேதியாச்சு. தோபாவால உலகமே அழிஞ்சுதுன்னு கதை சொன்னவங்க கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கிட்டாங்க. நீ சுமத்ராவுக்குச் சீட்டுப் போடு, வேண்டாங்கலை. கர்னூலுக்கும் ஒரு பஸ் டிக்கெட் சேத்துக்கோ, மலிவு. போற வழியில எங்களையும் பாத்துட்டுப் போவே.

ஏன், உன் ஊர்ல இருந்து தெக்க 100 கிலோமீட்டருக்குள்ள லாகர் ஏரின்னு ஒண்ணு இருக்குல்லா? அதுவும் எரிமலை வாய்தான். அது வெடிச்சப்ப புதைஞ்ச மரங்களோட வளையத்தை எண்ணி, கார்பன் பாத்து, 2021-ல 13,006 வருசம், கூட்டல் கழித்தல் ஒம்பதுன்னு சொல்லிட்டாங்க. முன்ன நினைச்சதைவிட 130 வருசம் மூத்ததாம். ஒம்பது! நம்ம ஊர் ரேஷன் கார்டுல அந்த அளவுக்குச் சுத்தமா யாரு வயசு இருக்கு? இதுல ஒரு சூட்சுமம்: அந்தக் கணக்குல 'இன்னைக்கு'ன்னா 1950. அந்த 1950 சூலை மாசத்துலதான் உன் ஊர்ல சர்க்கஸ்காரன் விளம்பரத்துக்காக டுஃபிங்கிற குட்டி யானையைத் தொங்கு ரயில்ல ஏத்த, அது மிரண்டு வுப்பர் ஆத்துல குதிச்சு, சிராய்ப்போட தப்பிச்சுது. யாராவது உன்கிட்ட அந்த 'இன்னைக்கு' என்னைக்குன்னு கேட்டா, யானை விழுந்த வருசம்னு சொல்லு. வேற ஊர்க்காரன் எவனுக்கும் இந்த வசதி கிடையாது.

அடிச்சுப் பேசுறவனைக் கண்டா மட்டும் ஒதுங்கிப் போயிரு. உன் ஊர் எல்பர்ஃபெல்ட்ல ஃபூல்ராட்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரு இருந்தாரு. 1856-ல பக்கத்து நியாண்டர் பள்ளத்தாக்குல சுண்ணாம்புக் கல் வெட்டினவங்களுக்குக் குகையில கிடைச்ச எலும்பு அவர் கைக்கு வந்துச்சு. இது பழங்காலத்து மனுசன்னு அந்த மனுசனுக்குப் பட்டது. வயசு சொல்ல அவர்கிட்ட ஒரு கருவியும் இல்லை. பானில இருந்த மாயர்ங்கிற பேராசிரியரோ, இது நெப்போலியனைத் துரத்தி 1814-ல வந்த ரஷ்யக் குதிரைப் படைக்காரன், கால் வளைஞ்ச நோயாளின்னு எழுதினாரு. இப்ப அந்த எலும்புக்குச் சுமார் 40,000 வருசம்ங்காங்க. மாயர் கூட்டலும் போடலை, கழித்தலும் போடலை.

மனுவைத் திருத்தி அனுப்பு. ஒவ்வொரு வயசுக்குப் பக்கத்துலயும் அந்தக் கூட்டல் கழித்தலைத் தைரியமாப் போடு. கொசுவலைக்குப் போடாதே.

அப்புறம், பொண்ணு வீட்டுக்காரங்க உன் வயசைக் கேட்டாங்க. முப்பத்தி ரெண்டு, கூட்டல் கழித்தல் மூணுன்னு சொல்லி வச்சிருக்கேன். ஃபோன் வந்தா, கழித்தல் பக்கமா நின்னு பேசு.