சமோசாப் பதிவேடு

ஆராய்ச்சி மாணவர் சங்கத்தின் பொதுக்குழு என்றால் முதலில் வந்து சேர்வது சமோசா. அட்டைப்பெட்டியைத் திறக்கும் முன் ஒரு நீளத் தாள் சுற்றுக்கு விடப்படும்: வரிசை எண், பெயர், துறை, கையெழுத்து. போட்டால் ஒரு சமோசா, காகிதக் கப்பில் டீ. யாரும் இரண்டாவது எடுத்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான் கையெழுத்து என்று நம்பி எல்லோரும் போடுவோம். மறுநாள் அதே தாளின் தலையில் நான்கு வரி டைப் செய்யப்பட்டு, "தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது" என்ற சான்றோடு ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். பட்டாணி சமோசாவுக்கு நீட்டிய கை, பழைய நிர்வாகிகளே இன்னும் ஓராண்டு தொடரட்டும் என்று தூக்கிய கையாகிவிடும்.

சங்கத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பிஎச்.டி. படித்த எவரும் தன் சங்கத்தைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார், நினைக்கட்டும்.

தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். பார்க்கிறவர்களையெல்லாம் தோளில் கைபோட்டு "என்ன தம்பி, சாப்டியா" என்பார். ஆய்வேட்டை எப்போதோ முடித்துவிட்டார் என்று கேள்வி. சமர்ப்பித்தால் மாணவர் இல்லை, மாணவர் இல்லையென்றால் தலைவர் இல்லை. ஆகவே ஆய்வேடு பீரோவில் கிடக்கிறது, அவர் மேடையில் இருக்கிறார். சங்கத்துக்குப் பைலா உண்டா என்று ஒரு முதலாண்டு மாணவி கேட்டாள். உண்டு, ஆனால் அது முன்னாள் செயலாளரின் லேப்டாப்பில் இருக்கிறது, அவர் போஸ்ட்டாக் கிடைத்துத் தென்கொரியா போய்விட்டார் என்று பதில் வந்தது. ஒரு சங்கத்தின் சட்டம் சியோலில் குளிர்காய்கிறது. அந்த மாணவி அன்றிலிருந்து வாட்ஸ்அப் குரூப்பில் இல்லை. தானே விலகினாளா, விலக்கினார்களா என்பதற்கும் மினிட்ஸ் கிடையாது.

சங்கம் சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். புது ரிஜிஸ்ட்ரார் வந்தால் பொன்னாடை, போனால் பொன்னாடை, இடையில் அவருக்கு விருது கிடைத்தால் சந்தன மாலை. பொங்கலுக்குப் பானை, ஓணத்துக்குப் பூக்கோலம். நன்றாகவே செய்கிறார்கள். உதவித்தொகை வந்து நான்கு மாதமாகிறதே என்றால் மட்டும் சங்கத்துக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். பிறகு ஒரு மனு தயாராகும். "கனிவான பரிசீலனைக்கு" என்று தொடங்கி "தாழ்மையுடன்" என்று முடியும். மனு கொடுத்த படம் குரூப்பில் வரும், ஐம்பது கைகூப்புகள் வரும். பணம் மட்டும் வராது.

எவ்வளவு பணம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தேறியவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் அது கிடைக்காமல் பிஎச்.டி. சேர்ந்தவருக்கு மாதம் 8,000. பத்தாண்டுக்கும் மேலாக அதே 8,000. அதையும் நிறுத்திவிடுவோம் என்று 2015 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. முடிவெடுத்தபோது, டில்லியில் அதன் வாசலிலேயே மாணவர்கள் படுத்துக் கிடந்து மிச்சம் பிடித்த 8,000 அது. ஜே.ஆர்.எஃப். 25,000-லிருந்து 31,000 ஆனதும் 2018-19-ல் நாடு முழுக்க ஸ்காலர்கள் தெருவில் நின்ற பிறகுதான். தாழ்மையான மனுவுக்கு எவனும் ஆறாயிரம் ஏற்றித் தரவில்லை. எட்டாயிரத்தில் புதுச்சேரி முதலியார்பேட்டைச் சந்தில் மாடி அறைக்கு வாடகைப் பங்கு கொடுத்து, மெஸ்ஸுக்குக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு போய் வேறு பஸ் மாறி கேம்பஸுக்குப் போய்வந்து, மிச்சத்தில் ஆய்வுக் கட்டுரை வெளியிட வேண்டும். அதையும் நான்கு மாதம் பிந்தித் தருவார்கள்.

இந்த முதலியார்பேட்டையில் உட்கார்ந்து சங்கம் என்ற சொல்லைக் கொஞ்சம் பயந்துதான் சொல்ல வேண்டும். கடலூர் சாலையில் ஏஎஃப்டி என்ற பஞ்சாலை இருந்தது. 2020-ல் இழுத்து மூடினார்கள். 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்களைப் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா போன்றவர்கள் கட்டிய தொழிற்சங்க இயக்கம் அது. அடுத்த ஆண்டே எட்டு மணி நேரச் சட்டமும் சங்க உரிமையும் வந்தன. இன்று அந்தச் சாலையை ஒட்டிய மாடி அறையில் இரவு ஒரு மணிக்குக் கைடின் மகனுடைய ஸ்கூல் புராஜெக்டை முடித்துக்கொண்டிருக்கும் ஸ்காலரிடம் போய், உனக்கு வேலை நேரம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படியொரு மாடியின் வீட்டுக்காரர் ஏஎஃப்டியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சங்கத்தைப் பற்றி ஒருநாள் விசாரித்தார்.

"மாசம் எவ்ளோ சந்தா தம்பி?"

"தனியா சந்தா இல்லீங்க ஐயா. ஃபீஸோட சேத்துப் பிடிச்சிடுவாங்க."

"யாரு, சங்கத்துக்காரங்களா?"

"இல்லீங்க, ஆபீஸ்ல. செலவு பண்ணணும்னா டீன் கையெழுத்துப் போடணும்."

"காசு உங்களுது, சாவி அவங்களுதா? சந்தா கேட்டு வாசல்ல நிக்கறவன்தான்யா பதில் சொல்லுவான். பத்து ரூவா குடுக்கும்போது பத்து கேள்வி கேப்போம். உங்காள் எதுக்குய்யா உங்ககிட்ட வரப்போறான்?"

அரசியல் அறிவியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவரிடம் இதைச் சொன்னார். நிர்வாகம் வசூலித்து, நிர்வாகம் வைத்திருந்து, நிர்வாகம் கையெழுத்திட்டால் செலவாகும் பணத்தில் வாங்கிய பொன்னாடை நிர்வாகத்தின் தோளுக்கே போகிறது. தணிக்கையில் ஒரு குறையும் வராது.

தேர்தல் வைக்கலாமே என்றால் தலைவரின் சட்டைப்பையிலிருந்து லிங்டோ கமிட்டி வெளியே வரும். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை அமல்படுத்தச் சொல்லி 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாணவர் தேர்தலில் பணமும் அடிதடியும் புகுந்ததைத் தடுக்கத்தான். வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான் ஒட்டலாம். காதுகுத்துக்குக்கூட ஆளுயர ஃப்ளெக்ஸ் வைக்கும் ஊரில், மாணவன் மட்டும் சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் ஜனநாயகம் வரைய வேண்டும். போகட்டும், அதில் குற்றம் இல்லை. நல்ல கையெழுத்தாவது பிழைக்கும்.

ஆனால் வயது? ஆராய்ச்சி மாணவர் 28 வயதுக்கு மேல் போட்டியிட முடியாது. ஜே.ஆர்.எஃப். தேர்வு எழுத வயது வரம்பு 30. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இன்னும் ஐந்தாண்டு தளர்வு. அதாவது 34 வயதில் ஒரு பெண் ஆராய்ச்சியைத் தொடங்கலாம் என்று அரசே வாசலைத் திறந்துவிடுகிறது. உள்ளே வந்ததும், உனக்காக நீ பேச வயது கடந்துவிட்டது என்கிறது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து படிக்கிறவள், பத்தாண்டு தனியார் கல்லூரியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்திவிட்டு வந்தவன், முதல் தலைமுறையாக அங்கே இங்கே தடுக்கி மெதுவாக வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் வாக்காளர்கள் மட்டுமே. மக்களவைக்கு நிற்க 25 போதும், மேல் வரம்பே இல்லை. கட்சிகளின் இளைஞரணித் தலைவர்களுக்கு நாற்பத்தைந்து வயதில்தான் மீசை முளைக்கிறது. மாணவர் பேரவைக்கு மட்டும் 28-ல் ரிட்டயர்மென்ட்.

நம் தலைவருக்கு 28 தாண்டி நாளாகிறது. நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் ஒரே முறைதான் போட்டியிடலாம் என்றும் லிங்டோ சொல்கிறார். இரண்டுக்கும் தலைவர் கண்ட தீர்வில் ஒரு கணித அழகு இருக்கிறது: தேர்தலே நடத்தாவிட்டால் யாரும் இரண்டாம் முறை போட்டியிட்டதாக ஆகாது, வயது தாண்டிப் போட்டியிட்டதாகவும் ஆகாது. கமிட்டியின் ஒரு விதிகூட மீறப்படவில்லை. அமைதியான தேர்தலுக்குச் சூழல் இல்லாத இடங்களில் இடைக்காலமாக நியமனம் செய்யலாம் என்று அறிக்கையில் ஒரு ஓட்டை உண்டு. அதில் எத்தனையோ வளாகங்கள் குடியேறிவிட்டன. எப்போது சூழல் சரியாகும் என்று நியமித்தவரும் நியமிக்கப்பட்டவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள்.

நியமனம் இந்த ஊருக்குப் புதிதா? 2017-ல் மக்கள் வாக்கில் ஜெயிக்காத மூன்று பேரைப் புதுச்சேரிச் சட்டசபைக்கு மத்திய அரசு நியமித்தது. செல்லும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நகராட்சிக் கதை இதைவிடப் பெரிது. பிரெஞ்சுக்காரன் 1880-லேயே இங்கே நகரசபைத் தேர்தல் வைத்தான். பெட்டியில் ஆயிரம் தில்லுமுல்லு நடந்தது, அடியாட்கள் நடமாடினார்கள், ஆனாலும் பெட்டி என்று ஒன்று இருந்தது. பின்னால் முதலியார்பேட்டையும் தனிக் கொம்யூன் (நகராட்சி) ஆகித் தனி மேர் (மேயர்) வைத்துக்கொண்டது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் இந்தியாவோடு சேர்வதா என்று வாக்களித்த 178 பேரும் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் நகரசபை உறுப்பினர்களும்தான். 170 பேர் சேர்வோம் என்றார்கள். சேர்ந்தோம். 1968-ல் ஒரு உள்ளாட்சித் தேர்தல். அடுத்தது 2006-ல், 38 ஆண்டு கழித்து. அந்தக் காலம் 2011-ல் முடிந்தது. பிறகு இன்றுவரை ஒன்றுமில்லை. கடற்கரைச் சாலையில் மேரி என்ற நகரசபைக் கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கிப் பணத்தில் பழைய சாயலிலேயே எழுப்பி 2021-ல் பிரதமரை வைத்துத் திறந்தார்கள். மேர் வந்து உட்காரத்தான் ஆளில்லை. இந்த ஊரில் வளர்ந்த ஒரு மாணவர் தலைவன், தேர்தல் இல்லாமலே பதவியில் இருக்கும் கலையை வேறு எங்கே போய்ப் படிக்க வேண்டும்?

இதுவரை சிரித்தது போதும். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில், விவகாரம் மாணவர்கள் தொடர்பானது என்றால் இளநிலை, முதுநிலை, ஆராய்ச்சி என மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது யு.ஜி.சி.யின் 2015 விதி. தேர்தலே இல்லாத வளாகத்தில் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்? கைடு மீது புகார் கொடுக்க ஒரு மாணவி கால் நடுங்கப் படியேறி வரும்போது, எதிரே ஸ்காலர்களின் பிரதிநிதியாக உட்கார்ந்திருப்பது அந்தக் கைடின் சிபாரிசில் நியமிக்கப்பட்ட ஆளாக இருந்தால்? அவள் வந்த படியிலேயே இறங்கிப் போய்விடுவாள். அதற்கும் கணக்கில் பெயர் உண்டு: "இந்த ஆண்டு புகார் எதுவும் வரவில்லை."

ஸ்காலர்கள் ஏன் எதிர்த்து நிற்கவில்லை என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். ஆறு மாத முன்னேற்ற அறிக்கையில் கைடு கையெழுத்து, மாதாமாதம் இவர் வந்தார், வேலை செய்தார் என்ற உறுதிமொழியில் கையெழுத்து, கடைசியில் ஆய்வேட்டில் கையெழுத்து. ஒரே பேனாவில் ஒருவருடைய சோறும் பட்டமும் இருக்கிறது. அந்தப் பேனாவுக்கு எதிரே தனியாக நிற்க முடியாது என்பதற்குத்தான் சங்கம். அந்தச் சங்கமே பேனாவுக்கு மூடி போட்டுக் கொடுக்கிறது. ஹைதராபாத்தில் ஆராய்ச்சி மாணவர் ரோஹித் வெமுலா 2016 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொள்ளும் முன் எழுதிய கடைசிக் கடிதத்தில் ஏழு மாத ஃபெலோஷிப் பாக்கி, 1,75,000 ரூபாய், என்று கணக்கு இருந்தது. கூட நின்று போராடிய தோழர்கள் இருந்த வளாகத்திலேயே அது நடந்தது. கூட நிற்க ஆளே இல்லாத வளாகங்களில் அப்படிப்பட்ட கணக்கை யார் எழுதி வைக்கிறார்கள்?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பரில் ஆராய்ச்சி மாணவர்களும் போஸ்ட்டாக்களும் கற்பித்தல் உதவியாளர்களுமாக 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதியம் கூடியது. ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று உறுப்பினர்கள் வாக்களித்தபோது, போதாது என்று எதிர்த்துக் குத்தியவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அந்த எண்ணிக்கையை வெளியிட்டார்கள். எனக்குப் பிடித்தது ஊதிய உயர்வைவிட அந்த எதிர்ப்பு எண்ணிக்கை. நம் சங்கத்தில் எதிர்த்து விழுந்த வாக்கு என்று ஒன்று வரலாற்றிலேயே கிடையாது. சமோசா வேண்டாம் என்றவர்கள்தான் இருக்கிறார்கள்.

போன கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் தாளைக் கையில் வாங்கி, கையெழுத்துப் போடாமல், தேர்தல் எப்போது என்று எழுந்து கேட்டுவிட்டார். தலைவர் கோபப்படவில்லை. நல்ல கேள்வி தம்பி என்றார். தேர்தல் நடத்துவதன் சாத்தியக்கூறுகளை ஆராய ஐவர் குழு அமைக்கப்பட்டது. தலைவர், செயலாளர், பொருளாளர், தென்கொரியாவிலிருந்து ஆன்லைனில் கலந்துகொள்ளும் முன்னாள் செயலாளர், நிர்வாகத்தின் சார்பில் டீன். தலைவரின் ஆய்வேட்டு வைவா முடிந்ததும் குழு அறிக்கை தரும் என்று மினிட்ஸில் ஏறியிருக்கிறது. வைவா எப்போது என்று அவருடைய கைடிடம் விசாரித்தார்கள். ஆய்வேடு இன்னும் தன் கைக்கே வரவில்லை என்றார்.