படிப்பவரைப் படிக்கலாமா?

டிஜிட்டல் நூலகத்தில் ஒரே ஒரு சமையல் புத்தகம் எடுத்தேன். அன்றிலிருந்து சமையல் புத்தகமாகவே பரிந்துரைக்கிறதே இந்த ஏ.ஐ.?

ஒரு நாள் ரசம் கேட்டதற்கு ஆயுசுக்கும் ரசமா? சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. ஏ.ஐ. கோட்டை விடுவது இந்த மூன்றாவதில்தான். பலர் எடுத்ததையே மேலும் பலரிடம் நீட்டினால், யாரும் தொடாத நல்ல நூல் கடைசிவரை யார் கண்ணிலும் படாது.

நான் என்ன படிக்கிறேன் என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால் குடியா முழுகிவிடும்?

குடியிலிருந்து மீள்வது எப்படி, விவாகரத்துச் சட்டம், மார்பகப் புற்றுநோய்... நீங்கள் எடுத்த புத்தகங்கள் இவை என்றால், பக்கத்து வீட்டில் சொல்லலாமா?

பெயரை நீக்கிவிட்டால் போதாதா என்பார்கள். போதாது. நெட்ஃப்ளிக்ஸ் 2006-ல் சுமார் 5 லட்சம் பேர் படங்களுக்குத் தந்த மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அர்விந்த் நாராயணனும் விட்டலி ஷ்மாட்டிகோவும் அதை இணையத்தில் பொதுவில் இருந்த மதிப்பெண்களோடு ஒப்பிட்டுச் சிலரை அடையாளம் கண்டுவிட்டார்கள். படத்துக்கே இந்தக் கதி. புத்தகம் இன்னும் அந்தரங்கமானது.

அப்படியானால் பரிந்துரையே கூடாதா?

தாராளமாக இருக்கட்டும். ஏன் இந்த நூல் என்று காரணம் சொல்லட்டும். நிறுத்த ஒரு பொத்தான், படித்த தடத்தை அழிக்க ஒரு பொத்தான் தரட்டும். உங்கள் நூலகத்தில் இவை இல்லையென்றால் இன்றே கேட்டு எழுதுங்கள்.