ராமுக்கு வந்த சோதனை

கேள்வி: வன்தட்டில் 500 ஜிபி காலியாகக் கிடந்தும், 4கே வீடியோவை ரெண்டர் செய்தால் ‘மெமரி போதவில்லை’ என்று மென்பொருள் பாதியில் படுத்துவிடுகிறதே?

பதில்: கிடங்கு காலியாக இருந்தால் அடுப்பு மேடை அகலமாகிவிடுமா? மென்பொருள் கேட்பது ராமையும் கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகத்தையும்.

கோப்பில் சுருங்கிக் கிடக்கும் ஒவ்வொரு ஃப்ரேமும் ரெண்டரின்போது முழுசாக விரியும். 4கே ஃப்ரேம் என்பது 3840 x 2160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்ஸல். பிக்ஸலுக்கு 4 பைட் வைத்தாலே 33 எம்பி; சேனலுக்கு 32 பிட் வண்ணத் துல்லியம் கேட்டால் 132 எம்பி. இரைச்சல் நீக்கும் எஃபெக்டோ, முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களையும் சேர்த்து இழுத்துவரும்.

பல நேரம் குற்றவாளி வீடியோவே அல்ல, நடுவில் செருகிய போட்டோ! 48 மெகாபிக்ஸல் படம் விரிந்தால் 192 எம்பி. 4கே திரைக்கே 8 மெகாபிக்ஸல் போதும். முதலில் அதைச் சிறிதாக்க வேண்டும்.

பிரீமியர் புரோ என்றால், செட்டிங்கில் ‘ஆப்டிமைஸ் ரெண்டரிங் ஃபார்: மெமரி’யைத் தேர்ந்தெடுக்கலாம். டாவின்சி ரிசால்வ் ‘ஜிபியு மெமரி ஃபுல்’ என்று முறைத்தால், கனமான எஃபெக்ட் உள்ள காட்சியை மட்டும் தனியே ரெண்டர் செய்து சேர்க்கலாம்.

பின்னணியில் முப்பது டேபோடு விழித்திருக்கும் பிரவுசரையும் மூடிவிடுவது நல்லது. ரெண்டருக்குப் பாட்டுக் கேட்கும் பழக்கமில்லை.